அம்மாளாச்சிக்கு யார் பெயர் வைத்தது?

மன்னர்களும் பாதிரிமாரும் பண்டிதர்களும் யாழ்ப்பாணத்துப் பெண் தெய்வங்களுக்குப் பெயர் சூட்டினார்கள், பெயர் மாற்றினார்கள், சில பெயர்களை அழிக்கவும் பார்த்தார்கள். கற்பூரச்சட்டியோடு வீதியில் நிற்கும் பெண்கள் வைத்திருந்த கணக்கு வேறு.

யாழ்ப்பாண இராச்சியம் 1619ஆம் ஆண்டு பிலிப் டி ஒலிவேராவின் படையிடம் வீழ்ந்தது. போர்த்துக்கேயர் பிடித்தார்கள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது சரிதான். ஆனால் அந்தக் காலத்தில் போர்த்துக்கலின் முடியும் ஸ்பெயினின் முடியும் ஒரே தலையில் இருந்தன. 1580 தொடங்கி 1640 வரை லிஸ்பனையும் சேர்த்து ஆண்டவர்கள் ஸ்பானிய மன்னர்கள். சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்ற நாட்களில் நல்லூருக்கும் நயினாதீவுக்கும் மட்டுவிலுக்கும், பெயரளவிலாவது, அரசன் ஒரு ஸ்பானியன்.

அந்த ஆட்சி இங்கே எழுப்பிய கோட்டைக்கு ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டியது: ‘யாழ்ப்பாணத்து அற்புதங்களின் அன்னை’. பண்ணைக் கடலோரத்தில் இன்று நாம் பார்க்கும் ஐங்கோணக் கோட்டை, 1658 இல் ஊரைப் பிடித்த ஒல்லாந்தர் பின்னர் கட்டியது. அதற்கு முன்பு அங்கே நின்ற கோட்டைக்குக் காவல் மரியன்னை. அதே கைகள்தான் 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தன. நல்லூர் இராசதானிக்கு நான்கு திசையிலும் காவற்கோயில்கள் இருந்தன. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், வடக்கே சட்டநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன். தன் ஊரைக் காக்க ஒரு தாயைக் கோட்டைவாசலில் நிறுத்திய ஆட்சியாளனுக்கு, எதிரியின் ஊரைக் காத்த தாய் பேயாகத் தெரிந்தாள்.

ஸ்பானிய மொழியில் பெண் தெய்வத்தை ‘டியோசா’ என்பார்கள். கடவுளைக் குறிக்கும் ‘டியோஸ்’ என்பதன் பெண்பால் வடிவம் அது. ஆனால் எந்த ஸ்பானியத் தாயும் மரியாளை அப்படி அழைப்பதில்லை. திருச்சபையின் கணக்கில் மரியாள் கடவுளின் தாய், கடவுள் அல்ல. ஆகவே அவள் ‘எங்கள் பெருமாட்டி’. டியோசா என்பவள் உரோமரின் வீனஸ், கிரேக்கரின் அதீனா, அல்லது வென்று பிடித்த நாட்டின் தெய்வம். பழைய கதைகளிலும் பிறர் கோயில்களிலும் இருப்பவளுக்குரிய பட்டம் அது. இன்றைக்குப் புவெனஸ் அயர்ஸ் நகரத்தில் வடிவாக உடுத்திவரும் சிநேகிதியைப் பார்த்து ‘நீ ஒரு டியோசா’ என்று கொண்டாடுகிறார்கள். கோயிலிழந்த பட்டம் கடைசியில் பாராட்டாகி நிற்கிறது.

இந்த இரட்டை அளவுகோல் எப்படி வேலை செய்தது என்பதற்கு மெக்சிக்கோ நல்ல சாட்சி. 1531 இல் தெப்பேயாக் குன்றில் மரியாள் காட்சி கொடுத்தாள் என்பது அங்கத்தைய நம்பிக்கை. குவாதலூப்பே அன்னை என்று உலகம் அறிந்தவள் அவள். அதே குன்றில் முன்னர் தொனாந்சின் என்ற பெண் தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. ‘எங்கள் தாய்’ என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். நூற்றாண்டின் பிற்பாதியில் பெர்னார்தினோ டி சஹாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி தன் பெருநூலில் பொருமினார்: சனங்கள் மரியாளிடம் வருகிறார்கள், ஆனால் தொனாந்சின் என்றே கூப்பிடுகிறார்கள், யாரைக் கும்பிடுகிறார்கள் என்று எப்படி நம்புவது? அவருடைய நூலில் அந்த மண்ணின் பெண் தெய்வங்களுக்கெல்லாம் டியோசா என்றே பெயர். குன்றேறிய பெண்களுக்கோ அந்த வகைப்பாடு தேவைப்படவில்லை. அவர்கள் தாயிடம் வந்தார்கள்.

யாழ்ப்பாணத்திலும் இதே வழக்கு நடந்தது. ஒரு வித்தியாசம்: இங்கே மிகப் பெரிய பெயர்மாற்றத்தைச் செய்தவர்கள் கடல் கடந்து வந்தவர்கள் அல்லர். நம்மவர்களேதான்.

நாகம் பூத்த தீவு

குறிகட்டுவான் துறையில் ஆனி மாதத்துக் கூட்டத்தைப் பார்த்தால் போதும், குடாநாட்டின் பெண் தெய்வ வழிபாடு என்றால் என்னவென்று விளங்கிவிடும். கைக்குழந்தையோடு வருபவர்கள், நேர்த்திக்காக மொட்டை அடிக்க வந்த பிள்ளைகள், கொழும்பிலிருந்து இரவோடிரவாக வந்தவர்கள், கோடை விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்தவர்கள், வெள்ளை உடுத்து நாகவிகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்கள். எல்லாரையும் ஒரே படகுகள்தான் ஏற்றுகின்றன. நயினாதீவில் இறங்கினால் நாகபூஷணி அம்மன் கோயில் ஒரு பக்கம், சற்றுத் தள்ளி நாகதீப விகாரை மறுபக்கம்.

மகாவம்சத்தின்படி மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட மகோதரன், சூலோதரன் என்ற இரு நாக அரசர்களைச் சமாதானப்படுத்தப் புத்தர் வந்த இடம் நாகதீபம். மணிமேகலைக் காப்பியத்தில் மணிபல்லவத் தீவில் அமுதசுரபி கிடைக்கிறது. அந்த மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்பவர்கள் பலர். கோயில் மரபோ இன்னொரு கதை சொல்கிறது. அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்தது, வணிகன் ஒருவன் இடையில் புகுந்து உயிர்காத்தான், பிறகு கோயில் கட்டினான் என்பது அந்தக் கதை. பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் இருந்த கல்லையும் இன்றும் கைகாட்டுவார்கள்.

மூன்று கதைகளுக்கும் பொதுவாக நாகம் இருக்கிறது, கடல் இருக்கிறது, வணிகமும் பசியும் சண்டையும் இருக்கின்றன. இது கதைக்காரரின் கற்பனை மட்டும் அன்று என்பதற்குக் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு சாட்சி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட ஆணை அது. ஊராத்துறைக்கு வரும் அந்நிய வணிகருக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உரியவருக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார். பொலநறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் கல் வெட்டி, கடல்வழி வந்தவருக்கு நீதி சொல்லிய தீவு இது. கப்பலோடிகளுக்குக் கடலாபத்தும் தெய்வமும் எப்போதும் அருகருகே இருப்பவை.

போர்த்துக்கேயர் காலத்தில் இடிபட்ட கோயில் 1788 இல் மீண்டும் எழுந்தது என்பது கோயில் வரலாறு. ஆனால் நாகபூஷணியின் கதையை ஆளும் கைகள் மாறியதை வைத்து மட்டும் எழுத முடியாது. பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டும் பெண்ணுக்கும், நாகதோஷம் தீர நாகப்பிரதிஷ்டை செய்பவருக்கும் அவள் யாருடைய ஆணையிலும் அடங்குபவள் அல்லள். கோயிலில் சோறு போடும் சபைக்கு அமுதசுரபி என்றுதான் பெயர். பசித்தவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேளாமல் நிரம்பும் பாத்திரம் என்பது காப்பியக் கற்பனை. அதை ஒரு அன்னதான மண்டபத்தின் அன்றாட வேலையாக்கியது இந்தத் தீவின் சாதனை.

கண்ணகையை வெளியேற்றிய நூற்றாண்டு

தமிழகத்தில் கண்ணகி காப்பியத் தலைவி, பாடநூலின் பாத்திரம், மெரினாக் கடற்கரையின் சிலை. ஈழத்தில் அவள் கண்ணகை அம்மன். பொங்கலும் குளிர்த்தியும் கேட்கும் தெய்வம். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகுவும் அங்கிருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். அவன் கொண்டுவந்த வழிபாடு குடாநாட்டில் அங்கணாமைக்கடவையில் முதலில் கால்கொண்டது என்பது இங்கத்தைய ஐதீகம்.

சிங்களவரிடம் அவள் பத்தினித் தெய்யோ. கண்டித் தலதா பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களோடு பத்தினி தேவாலயத்துக்கும் ஊர்வல உரிமை உண்டு. வருங்காலத்தில் புத்தநிலை அடையப்போகிறவள் என்றுகூட அவளைப் போற்றுகிறார்கள். மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபேசேகர 1984 இல் வெளியிட்ட பெருநூல் முழுக்க முழுக்கப் பத்தினி வழிபாட்டைப் பற்றியது. தமிழ் வணிகர் குலத்துப் பெண் ஒருத்தி, இரண்டு இனங்களுக்கும் இரண்டு சமயங்களுக்கும் தாயாகிய அதிசயம் இந்தத் தீவில் நடந்தது.

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கதையைக் கேளுங்கள். மதுரையை எரித்த கொதிப்போடு வந்த கிழவி ஒருத்தி, மாடு மேய்த்த சிறுவர்களிடம் பசிக்கிறது என்றாள். பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டிவிட்டது, விளக்கெரிக்க எண்ணெய் இல்லை. கடல் நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். பார்த்த சிறுவர்கள் கண்டது ஆயிரம் கண்கள். இன்றும் வைகாசி விசாகப் பொங்கலுக்கு அங்கே உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். மட்டக்களப்பில் வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை பாடி, இறுதியில் குளிர்த்தி செய்கிறார்கள். கோபத்தோடு வந்தவளைத் தண்ணீராலும் பாட்டாலும் ஆற்றும் சடங்கு அது.

கொதிப்பும் குளிர்மையும் என்ற இந்தக் கணக்கு வீட்டுக்குள்ளும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கொப்புளிப்பானுக்கு ‘அம்மாள் வருத்தம்’ என்றுதான் பெயர். வேப்பிலை கட்டி, இளநீர் கொடுத்து, இறைச்சி மீன் விலக்கி, கடைசியில் தண்ணீர் வார்ப்பார்கள். நோயாளியை வெறுக்காமல், ஆனால் எட்டவைத்துப் பராமரிக்கிற முறை ஒன்று அந்தப் பயபக்திக்குள் ஒளிந்திருந்தது. நாச்சிமாரையும், பிள்ளைப்பேற்று நேரத்தில் பயந்து நினைக்கும் கொத்தியையும் கண்ணகையோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு பெண்ணின் உடம்பு கடக்கும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் தெய்வம் நிறுத்தப்பட்டிருந்தது தெரியும். ஆகமம் எழுதாத, பெண்கள் வாய்வழியே வைத்திருந்த அறிவு இது.

இந்த உலகத்துக்குள்தான் ஆறுமுக நாவலர் வந்தார். 1822 இல் பிறந்தவர், 1879 இல் மறைந்தவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பில் உழைத்தவர் என்பதால் எதிராளியின் ஆயுதங்கள் அவருக்கு அத்துபடி. 1816 முதல் இங்கே கால்பதித்த அமெரிக்க மிஷனரிமார் சைவத்தை மூடநம்பிக்கைக் குவியல் என்று அச்சடித்துப் பரப்பினார்கள். நாவலரின் பதில் இரண்டு முனைகளில் வந்தது. மிஷனுக்கு எதிராகக் கண்டனம் எழுதினார். சொந்த வீட்டைத் துப்புரவாக்கவும் இறங்கினார். உயிர்ப்பலி கூடாது, ஆகமத்துக்குப் புறம்பான பூசை கூடாது, கண்ணகை வழிபாடும் கூடாது.

1872 இல் அவர் எழுதிய ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ இந்த விடயத்தில் கடுமையானது. கண்ணகி சமண சமயத்தவள், செட்டி குலத்தவள், மனிதப்பெண். சிவனையும் உமையையும் விட்டுவிட்டு அவளைக் கும்பிடுவது சைவருக்கு அடுக்காது என்பது அவருடைய வாதம். தர்க்கமாகப் பார்த்தால் அதில் ஓட்டை இல்லை. சிலப்பதிகாரத்தின் கண்ணகி சைவப்பெண் அல்லள். சைவ ஆகமத்தில் அவளுக்கு இடமும் இல்லை.

ஆனால் அந்தத் தர்க்கம் எதைத் தள்ளியது என்பதையும் பார்க்கவேண்டும். அரசசபையில் ஏறி நின்று, நீ செய்தது அநீதி என்று மன்னனிடம் சொன்ன ஒரே தெய்வம் கண்ணகி. உமைக்கு மகிடாசுரனோடு பகை; கண்ணகிக்குப் பகை தவறிழைத்த அரசோடு. மனிதப்பெண் என்பது நாவலரின் கண்ணில் குறை. நேர்த்தி வைத்த பெண்களின் கண்ணில் அதுதான் தகுதி. புருஷனை இழந்தவளின் நெஞ்சு இவளுக்குத் தெரியும் என்பதால்தான் இவளிடம் வந்தார்கள்.

அடுத்த தலைமுறைகளில் குடாநாடு முழுக்க மெல்ல ஒரு மாற்றம் நடந்தது. கண்ணகை கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி கோயில்களாகவும் புவனேஸ்வரி கோயில்களாகவும் மாறின. பூசாரியின் இடத்துக்குக் குருக்கள் வந்தார், வேள்விக்குப் பதில் அபிஷேகம் வந்தது, கோவலன் கதை படித்த இடத்தில் தேவாரம் ஒலித்தது. நாவலரின் செல்வாக்கு ஆழமாக இறங்காத மட்டக்களப்பில் கண்ணகி, கண்ணகியாகவே நின்றாள்.

இங்கேயும் அவளை முழுதாக அகற்ற முடியவில்லை. புங்குடுதீவின் தென்கரையில், பேழையில் மிதந்து கரையொதுங்கியவள் என்று ஊர் சொல்லும் அம்மன் இன்று ஸ்ரீ இராஜராஜேஸ்வரி. ஊர்க்காரர் வாயில் இன்றும் கண்ணகை அம்மன்தான், இருப்பிடமும் கண்ணகைபுரந்தான். தென்மராட்சி மட்டுவிலில் பன்றித்தலைச்சி அம்மன் என்ற பெயரே பண்டிதத் தமிழுக்கு ஒவ்வாதது. ஆனால் அந்தப் பெயர் அசையவில்லை. பங்குனித் திங்களில் போய்ப் பார்த்தால் தெரியும். பெண்கள் பானையும் அரிசியும் விறகும் மட்டுவில் கத்தரிக்காயுமாக வந்து, வெயிலில் அடுப்பு மூட்டி, தாங்களே பொங்கி, தாங்களே படைக்கிறார்கள். உள்ளே குருக்கள் சமஸ்கிருதத்தில் பூசை செய்கிறார். வெளியே நூற்றுக்கணக்கான அடுப்புகளில் பெண்கள் செய்யும் பூசைக்கு மந்திரம் வேண்டியதில்லை.

யாருக்குத் தாய்?

பெண் தெய்வத்தைப் போற்றும் சமூகம் பெண்களையும் எளியவர்களையும் போற்றும் என்று நினைப்பது வசதியான நம்பிக்கை. யாழ்ப்பாணத்தின் வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை.

பொது இடங்களில் சாதி காட்டி விலக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957 இல் வந்தது. சட்டம் வந்தும் கோயில் கதவுகள் திறக்கவில்லை. 1960களின் இறுதியில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் போராட்டம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலுக்கு வந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலும் அந்தப் போராட்டக் களங்களில் ஒன்று. ஊருக்கெல்லாம் தாய் என்று பாடிய அதே நாவுகள், அந்தத் தாயின் வாசலில் சில பிள்ளைகளை நிற்கவிட மறுத்தன. கண்ணகை என்ற பழம்பெயரோ ஆகமப் பெயரோ, எது பலகையில் இருந்தாலும் இந்த மறுப்பு மாறவில்லை என்பது குறித்துக்கொள்ள வேண்டியது. மக்கள் வழிபாடு என்றாலே சமத்துவம் என்று இனிக்க இனிக்கச் சொல்ல முடியாது.

பெண்களின் நிலையும் அப்படித்தான். தேர்த்திருவிழாவில் வெயிலில் கற்பூரச்சட்டி ஏந்துவதும், பாற்செம்பு சுமப்பதும், தேருக்குப் பின்னால் சுடுமணலில் விழுந்து அடியழிப்பதும் அவர்கள். கருவறைக்குள் நுழைபவரும் பரிபாலன சபையில் கணக்குப் பார்ப்பவரும் பெரும்பாலும் ஆண்கள். ‘பத்தினித் தெய்வம்’ என்ற புகழ்கூட இருபுறமும் வெட்டும் வாள். அரசனைக் கேள்வி கேட்டவளை, புருஷனுக்காகப் பொறுத்தவள் என்று சுருக்கி மகள்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கேள்வி கேட்டதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு.

துர்க்கையின் புதிய முகம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடாநாட்டுப் பெண்களின் கால்கள் இன்னொரு வாசலை நோக்கித் திரும்பின. தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானம். செவ்வாய்க்கிழமைகளில் இராகுகாலத்தில் எலுமிச்சம்பழத் தோலில் நெய்விளக்கேற்றும் பெண்களின் வரிசை அந்தக் கோயிலின் அடையாளமானது. சீதனம் சேராமல் தள்ளிப்போன கலியாணம், வெளிநாட்டுக்குப் புறப்பட்டுப் பாதிவழியில் நின்ற அண்ணன், பிடித்துக்கொண்டு போகப்பட்ட மகன். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு காரணம் இருந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் என். சண்முகலிங்கன் இந்தக் கோயிலை மையமாக வைத்துச் செய்த ஆய்வு 2002 இல் நூலாக வந்தது. துர்க்கையின் புதிய முகம் என்பதே அதன் பொருள். போரும் இடப்பெயர்வும் சமூகத்தின் பழைய தாங்குதூண்களை உடைத்தபோது, மனிதர் தம் துயரைக் கொண்டுபோய் வைக்க ஒரு வல்லமையான தாயைத் தேடினார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்களை விட்டு எழும்பினார்கள். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதுமே மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. வீட்டை, வயலை, குலதெய்வத்தின் கோயிலை விட்டுவந்தவர்களுக்கு அசுரனை வதைத்தவளின் உருவம் ஏன் நெருக்கமானது என்று விளக்க நூல் வேண்டியதில்லை.

நாவலர் விரும்பிய தெய்வம்தான் துர்க்கை. புராணத்தில் இடமுள்ளவள், ஆகமத்துக்கு உட்பட்டவள். ஆனால் மக்கள் அவளிடம் கொண்டுவந்தது கண்ணகையிடம் கொண்டுபோன அதே வழக்கு: எனக்கு அநீதி நடந்திருக்கிறது, யாரிடம் முறையிட? அரசசபை காது கேளாத காலத்தில் அந்த முறைப்பாடு கோயிலுக்கு வந்தது. கதவால் வெளியே அனுப்பிய கண்ணகையைப் பெண்கள் துர்க்கையின் வாசலால் திரும்ப உள்ளே கூட்டிவந்தார்கள் என்றே சொல்லலாம்.

இந்தக் கோயில் இன்னொரு விதத்திலும் வழக்கத்தை மீறியது. அதை நிர்வகித்து வளர்த்தவர் ஒரு பெண். சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி, 1925 இல் பிறந்து 2008 இல் மறைந்தவர். தொழிலால் ஆசிரியை. மேடையேறினால் ஊர் கூடிக் கேட்கும் பேச்சாளர். ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த தலைமைக் கதிரையில் இருந்து, போர்க்காலத்திலும் கோயிலை நடத்தினார். கோயில் வருமானம் கோபுரத்துக்கும் தேருக்கும் மட்டும் போகவில்லை. பெற்றோரை இழந்த, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லம் எழுந்தது. அங்கே வளர்ந்தவர்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், கலியாணம் முடித்தார்கள். அவர்களுக்குத் தாய்வீடு கோயில்தான்.

தங்கம்மா அம்மையார் புரட்சிக்காரர் அல்லர். சைவ ஒழுக்கத்தில் இறுக்கமானவர், ஆகமத்தை மீறச் சொன்னவர் அல்லர். மரபுக்குள் நின்றபடியே அவர் செய்த வேலை, மரபு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை நடைமுறையில் கேட்டு வாங்கியது. தாய் என்று பாடுகிறீர்கள், அப்படியானால் தாயற்ற பிள்ளைக்கு இங்கே இடம் வேண்டும். அவ்வளவுதான் அவருடைய இறையியல்.

கடல் கடந்த அம்மன்

போர் துரத்திய யாழ்ப்பாணத்தவர் போன இடமெல்லாம் அம்மனையும் கூட்டிப்போனார்கள். ஜேர்மனியின் ஹம் நகரத்தில் 2002 இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில், அந்த நாட்டின் மிகப் பெரிய இந்துக் கோயில்களில் ஒன்று. தொழிற்பேட்டைக்கு நடுவே கோபுரம் நிற்கிறது, தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலும் இருந்து வருகிறார்கள். இலண்டன் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன். டென்மார்க்கின் பிராண்டே ஊரில் அபிராமி அம்மன். அங்கே அருள்வாக்குச் சொல்லி வழிபாட்டை நடத்துபவர் ஒரு பெண். ஊரில் என்றால் எத்தனை கேள்வி வந்திருக்கும்! குளிர்நாட்டில், பனிக்காலத்தில், தனிமையில் வாடும் தமிழ்க் குடும்பங்கள் அந்தக் கேள்விகளைக் கேட்க மினக்கெடவில்லை. ஆறுதல் சொல்லத் தெரிந்தவரிடம் போனார்கள்.

ஊரில் அசைக்க முடியாதது என்று நினைத்த எத்தனையோ கட்டுப்பாடுகள் கடல் கடந்தவுடன் தளர்கின்றன என்றால், அவை அம்மன் விதித்தவை அல்ல, நாங்கள் விதித்தவை என்றுதானே பொருள்?

கணக்கு யாரிடம்?

நானூறு ஆண்டுகளைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒரே வேலை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அதிகாரம் கையில் உள்ளவர்கள் பெண் தெய்வத்துக்கு எல்லை போட்டார்கள். போர்த்துக்கேயர் போட்ட எல்லையில் மரியாள் உள்ளே, காளி வெளியே. நாவலர் போட்ட எல்லையில் உமை உள்ளே, கண்ணகை வெளியே. ஊர்ப்பெரியவர்கள் போட்ட எல்லையில் தெய்வம் உள்ளே, சில பிள்ளைகள் வெளியே. போர்த்துக்கேயர் போய்விட்டார்கள். நாவலரின் காலத்துத் தேவையும் முடிந்துவிட்டது, மிஷனரியின் ஏளனத்துக்கு அஞ்சிக் கண்ணகையை ஒளிக்கவேண்டிய நிலை இன்று இல்லை.

ஆகவே சில காரியங்களைச் செய்யலாம். இரண்டு பெயர் உள்ள கோயில்களின் பலகையில் கண்ணகை அம்மன் என்ற பெயரையும் தயங்காமல் எழுதலாம். பொங்கல் பாடல்களும் கோவலன் கதை மரபும் கடைசித் தலைமுறை வாயில் இருக்கின்றன. பல்கலைக்கழகமும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து அவற்றைப் பதிவு செய்யலாம். பத்தினியும் கண்ணகையும் ஒருத்தியே என்பதைச் சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒரே பாடத்தில் சொல்லலாம்.

எல்லாவற்றிலும் முக்கியம், நிர்வாகம். போர் முடிந்தபின் குடாநாட்டுக் கோயில்களில் வெளிநாட்டுப் பணம் கோபுரங்களாக உயர்ந்திருக்கிறது. அதே குடாநாட்டில் புருஷன் இல்லாமல் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நுண்கடன் தவணைக்காரன் வாசலில் நிற்கும்போது அவர்கள் கூப்பிடுவதும் ‘என்ரை அம்மாளாச்சி’ என்றுதான். அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லக்கூடிய காசு கோயில் உண்டியலில் இருக்கிறது. அதை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? ஒரு பெண்ணைத் தலைமையில் இருத்தினால் அம்மன் கோயில் என்னவாகும் என்பதைத் தெல்லிப்பழை காட்டிவிட்டது. மற்ற அம்மன் கோயில்களின் அடுத்த பொதுக்கூட்டத்தில் கேட்கவேண்டிய கேள்வி இது.